நான் பிடித்து வைத்த சுவர்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குக் குடிநீர்க் குழாய் வந்தது என்னால். மழைக்காலத்தில் முழங்கால் வரை நிற்கும் கருப்புத் தண்ணீர் வடிந்து போகக் கால்வாய் வெட்ட வைத்தவன் நான். கோயில் முன்னால் இருக்கும் கொட்டகையை, 'தமிழனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பந்தல்' என்று கேட்டவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டு முடித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு மிளகு மூட்டை சுமந்தவன், இன்று ஆள் வைத்துப் பெயிண்ட் வேலை எடுத்து நடத்துகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் கார்ப்பரேஷன் ஆபீசில் என்னை நிற்க வைத்துப் பேசிய அதிகாரி கிடையாது.

இத்தனையும் செய்தவன் கவுன்சிலர் ஆகக் கூடாதா? "அடுத்த தடவை நீங்கதான் அண்ணே" என்று சொல்லிச் சொல்லியே கட்சிக்காரர்கள் வேறு ஆளை நிறுத்தி வந்தார்கள். இந்தத் தடவை விடுவதில்லை என்று, அறிவிப்பு வருவதற்கு முன்பே சுவர் பிடிக்க இறங்கினேன். எங்கள் ஊர் வழக்கம் அது. யார் முதலில் வெள்ளையடித்து ஓரத்தில் கட்சிப் பெயரை எழுதுகிறார்களோ அவர்களுக்குச் சுவர். மற்றவன் தொட மாட்டான். நடுவில் வெறுமையாக விட்டு வைப்பார்கள். வேட்பாளர் யாரென்று முடிவான பிறகுதான் அங்கே பெயர் ஏறும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. வார்டில் இருந்த நல்ல சுவர் எல்லாவற்றிலும் என் பெயரையே ஆள் உயரத்துக்கு எழுதச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் வார்டு பெண்களுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை சாயாக்கடையில் ஒருத்தன் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "சேட்டா, சுவத்தில இருக்கற பேரை அழிக்கண்டா. ஒரு சேலை கட்டினா மதி!" பேரை அழிக்க வேண்டாமாம், நான் சேலை கட்டினால் போதுமாம். கடையே சிரித்தது. பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து என் மருமகளைக் கேட்டார்கள். பாலக்காட்டுப் பெண்; மலையாளம் தடையில்லாமல் எழுதுவாள், பேசுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அயல்கூட்டத்தில் அவள் சொன்னால் கேட்க ஆள் உண்டு. அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, "நிக்கட்டும்" என்று முதலில் சொன்னது நான். அவள் நின்றால் நான் நின்ற மாதிரிதானே?

முதல் நாள் வீடு வீடாகப் போனோம். நான் முன்னால், அவள் பின்னால். ஒரு வீட்டுச் சேச்சி கதவைத் திறந்து என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதில ஆரா நிக்கறது? நிங்ஙளோ, அவளோ?"

தெரு முனை வந்ததும் மருமகள் நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நாளையிலேந்து நீங்க வர வேண்டாம். எல்லா வீட்லயும் நீங்களே பேசறீங்க, நான் கும்பிட்டுட்டு நிக்கறேன். இவ ஜெயிச்சா மாமனார்தான் கவுன்சிலர்னு எதிர்க்கட்சிக்காரங்க சொல்லிட்டுத் திரியறாங்க."

"இருந்தா என்ன? இந்த வார்டு எனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. ஆனா எனக்கு ஓட்டு நான்தானே கேக்கணும்?"

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜீப்பில் மைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருவேன், தூரம் போனால் உள்ளே போவேன். காரணமே இல்லாமல் தோப்பும்படி வரை நடந்தேன், பஸ் பிடித்துத் திரும்பினேன். வழியெல்லாம் என் பெயர். கடைசியில் ஆட்களை அனுப்பாமல் நானே ஏணியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பூச்சு வெள்ளை அடித்தும் என் பெயர் அடியிலிருந்து தெரிந்தது. காயவிட்டு மறுபடி அடித்தேன். மலையாள எழுத்துக்காரன் வந்து அதன் மேல் அவள் பெயரை எழுதினான். ஒரு புள்ளி வழிந்திருந்ததையும் நானே துடைத்தேன்.

அவள் ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஜெயித்தாள். மாலை போட்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முச்சந்தியில் நின்று கட்சிக்கு நன்றி சொன்னாள், அயல்கூட்டத்துப் பெண்களுக்குச் சொன்னாள், என் மகனுக்குச் சொன்னாள். பிறகு "வீட்டுப் பெரியவர்களுக்கும்" என்றாள். அவ்வளவுதான். கூட்டத்தில் பின்வரிசையில் நின்று கேட்டேன்.

அவள் நல்லவள், கெட்டிக்காரி, நன்றாகவே வேலை செய்வாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் அவளுக்குப் பாராட்டுக் கூட்டம். வீட்டில் என்னைப் பார்த்து நன்றியாகத் தலையாட்டினால் போதாது, வீட்டுப் பெரியவர்கள் என்று கூட்டத்தோடு சேர்த்துச் சொன்னாலும் போதாது. அன்றைக்கு மைக்கைப் பிடித்து, என் பெயரை முழுதாகச் சொல்லி, இந்த வெற்றியில் இவருக்கும் பங்கு உண்டு என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.