தெலுங்கில் போட்ட கையெழுத்து

போன வாரம் திருப்பதியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அமெரிக்க சரித்திரப் புத்தகம் ஒன்று கிடைத்தது, தமிழில். பிரித்ததும் மக்கிய தாளின் வாடை. உள்ளே எங்கள் சித்தூர் படிப்பகத்தின் ஊதா முத்திரை. படக்கென்று மூடிவிட்டேன். புத்தகம் பாவம், அதன்மேல் தப்பில்லை.

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்த நாட்கள் அவை. படிப்பகத்தில் நான் தற்காலிக குமாஸ்தா. மலிவு விலை அமெரிக்கப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றைப் படிக்கவே புத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவான் என் சிநேகிதன் சாமுவேல். அடிமைகளை விடுவித்த அந்த நெட்டை ஜனாதிபதியை நாங்கள் கும்பிடாத குறைதான். பயப்படாமல் கையெழுத்துப் போட்ட மனுஷன் அல்லவா! அவரைப் போலவே நானும் மீசையை எடுத்துவிட்டுத் தாடி மட்டும் விட்டேன்.

"இன்னாடா, பாதி செரைச்சிட்டு எழுந்து வந்துட்டியா?" என்றார் நைனா.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பேசுவது, படிப்பது எல்லாம் தமிழ். கையெழுத்து மட்டும் தெலுங்கு. தாலுகா கச்சேரிக் காகிதமெல்லாம் தெலுங்கில் இருந்ததால் கை அப்படிப் பழகிவிட்டது. படிப்பக வருகை நோட்டிலும் அப்படித்தான் போடுவார்கள், சாமுவேல் உட்பட.

தமிழ் அலமாரி தேவையா என்று பார்க்க ஒரு நாள் அதிகாரி வந்தார். நோட்டில் தமிழ்க் கையெழுத்துகளை மட்டும் எண்ணினார். ஏழு.

"தமிழ் சதிவேவாள்ளு ஏடுகுரேனா?" ஏழே பேர்தானா என்று என்னைக் கேட்டார்.

"கையெழுத்துதான் தெலுங்கு, நாங்க படிச்சிக்கினு கீறது தமிழ்னு சொல்லுடா!" என்று பின்னாலிருந்து கெஞ்சினான் சாமுவேல். அதிகாரி அவன் பக்கம் திரும்பவே இல்லை. என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் பையில் இருந்தது. எனக்குத் தெரியும்.

"அவுனு சார்" என்று ஆமோதித்தேன். ஏழு பேர் என்று எழுதி அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன், தெலுங்கில்.

சாமுவேல் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனான். அப்புறம் வரவே இல்லை. அலமாரி அந்த மாதமே போயிற்று. தாடியை வழித்துக்கொண்டு, பென்ஷன் வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து தின்றேன். இன்றைக்கும் கண்ணாடியில் அந்த மூஞ்சியைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

விலை கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

"தமிழ் புஸ்தகாலு இக்கட எவரு சார் சதிவேதி? தூக்கானிக்கி தீஸ்கோண்டி."

இங்கே தமிழ் யார் படிக்கிறார்கள், எடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். அன்றைக்கு நான் சொன்னபோது அது பொய்.