எங்கேஜாக இருந்த டெலிபோன்

என் அண்ணன் வருஷத்துக்கு ஒரு நாள்தான் என்னோடு பேசுவார். அம்மாவின் திதியன்று, பத்து காவான் என்ற ஊரில் அவருடைய புது வீட்டில், படையல் முடிந்ததும் "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்" என்பேன். அத்தோடு சரி, இனி அடுத்த வருஷம். அப்படிப்பட்டவர் இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தால் வேறு என்ன நினைப்பது? உறவில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஓட வெச்சிட்டியாமே?" என்றார்.

இரண்டு நாளைக்கு முன் குடும்ப வாட்ஸாப் குழுவில் அதன் படத்தைப் போட்டிருந்தேன். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை.

"ஆமாண்ணே."

"டிஸ்க்கெல்லாம் கூடவா வேலை செய்யுது?"

"எல்லாம் நல்லா இருக்கு."

உடனே சொன்னார்: "இந்த வயசுல உனக்கு எதுக்கு அந்தக் குப்பை? பூவாங் பண்ணிடுலா. தூக்கிப் போடுறதுக்கு முன்னால டிஸ்க்கையெல்லாம் வெட்டிடு."

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது எப்படி இருக்கிறாய் என்று கேட்காத மனுஷன். ஃபேக்டரியில் ஆட்களைக் குறைத்து என்னை வீட்டுக்கு அனுப்பியபோது மூச்சு விடாதவர். சுங்கை பினாங் பிளாட்டில் ஒன்றரை மாதம் லிஃப்ட் ஓடாமல் ஒன்பதாவது மாடிக்கு நான் அரிசியைத் தூக்கிக்கொண்டு ஏறினேனே, அப்போது எங்கே போயிருந்தார்? இப்போது என் டிஸ்க்கின் மேல் என்ன திடீர் அக்கறை? போனை வைத்த பிறகும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

அந்த மெஷின் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும். டிவியில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். இன்டர்நெட் என்ற பேச்சே எங்கள் பக்கம் வராத காலத்தில் அதை ஒரு மோடம் வழியாக வீட்டு டெலிபோனோடு இணைத்து நான் ஒரு போர்டு நடத்தினேன். அறிவிப்புப் பலகை மாதிரிதான். வேறு வீட்டிலிருந்து ஒருவர் தன் கம்ப்யூட்டரால் என் நம்பரைக் கூப்பிடுவார். கடிதம் எழுதி வைப்பார், மற்றவர்கள் எழுதியதைப் படிப்பார், கப்பல் வியாபார விளையாட்டு ஒன்று இருந்தது, அதை ஆடுவார், போய்விடுவார். ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவோம். மொத்தம் பன்னிரண்டு பேர். போர்டு நடத்துவது ஒரு பெண் என்று எவனுக்கும் தோன்றவில்லை. முதல் மாதம் எல்லாரும் என்னை "அண்ணே" என்றுதான் எழுதினார்கள்.

மோடத்தை வாங்கி வந்தவர் என் அண்ணன்தான். அப்போது பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஆபீஸில் கிளார்க். அங்கே கம்ப்யூட்டரும் மோடமும் இருந்தன. முதல் வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்து, போர்டு நடத்துகிறவருக்கான பாஸ்வேர்டையும் அவரே போட்டு, "நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். ஒரு மாதத்தில் சலித்துவிட்டது. அப்புறம், "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, வேற வேலை இல்லையா?" என்று கிண்டல் செய்ய ஆரம்பித்தார்.

வீட்டில் இருந்தது ஒரே டெலிபோன். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். போர்டுக்கு வருகிறவர் ஒரு முறை மட்டும் மணி அடிக்க விட்டு வைத்துவிட வேண்டும். அரை நிமிஷத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் மெஷின் எடுத்துக்கொள்ளும். மணி விடாமல் அடித்தால் மனிதருக்கு வந்த போன், நாங்கள் எடுப்போம். ஒற்றை மணி கேட்டால் அம்மா, "உன் ஆளு வந்துட்டான்" என்பார். ஒருவரே லைனைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று நான் இன்னொரு சட்டமும் போட்டிருந்தேன். நாற்பத்தைந்து நிமிஷம் ஆனால் மெஷின் தானாகவே துண்டித்துவிடும், அன்றைக்கு மறுபடி சேர்க்காது.

அம்மா நெஞ்சு வலியோடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது வார்டில் நாங்கள் கொடுத்தது வீட்டு நம்பரைத்தான். போர்டின் முகப்பில் எழுதி வைத்தேன்: அம்மா ஆஸ்பத்திரியில், பகலில் யாரும் கூப்பிட வேண்டாம். எழுதி வைத்தேனே தவிர மோடத்தை அணைக்கவில்லை. ஏன் அணைக்கவில்லை? பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் மத்தியானங்களில் கூப்பிடுவார். எனக்கென்று தனியாகக் கடிதம் வைத்துவிட்டுப் போவார். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பகலில் வேண்டாம் என்று எழுதியிருந்தாலும், இரவிலாவது அவர் கடிதம் வரட்டும் என்று விட்டுவைத்தேன். இதில் எனக்கு ஒளிவு மறைவு ஒன்றுமில்லை, அது என் தப்பு.

ஐந்தாம் நாள். நைட் ஷிஃப்ட் முடித்து, அம்மாவைப் போய்ப் பார்த்து, அவர் ஒரு கரண்டி கஞ்சி குடித்ததும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து படுத்தேன். டெலிபோன் என் தலைமாட்டில். ஒற்றை மணிக்கு என் தூக்கம் கலையாது. விடாமல் அடித்த மணிக்குத்தான் விழித்தேன். மாலை நாலரை தாண்டியிருந்தது.

"மூணு மணியிலேருந்து கூப்பிடுறோம், உங்க போன் எங்கேஜாவே இருக்கு," என்றாள் நர்ஸ். அம்மா நாலு மணிக்கு முன்பே போய்விட்டார். இடையில் இரண்டு தடவை என்னைக் கேட்டாராம்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் எனக்குப் பின்னால் வந்தார். நர்ஸ் சொன்னதைக் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடி நின்ற சொந்தங்களைப் பார்த்து, "இவளோட கம்ப்யூட்டர்தான். போனை அடைச்சு வெச்சிடுச்சு," என்றார். அன்றே மெஷினையும் மோடத்தையும் பிடுங்கிப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டினார். என்னைப் பக்கத்தில் வரவே விடவில்லை. துக்கம் என்று நினைத்தேன், பாவி நான்.

நான் யார் மேல் பாய்ந்தேன் தெரியுமா? பட்டர்வொர்த்காரர் மேல். மத்தியானத்தில் கூப்பிடுகிற பழக்கம் அவருக்குத்தானே. காரியம் முடிந்த மறுநாள் போன் செய்து வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். "நான் கூப்பிடல, சத்தியமா கூப்பிடல," என்றார். "எங்கம்மாவைக் கொன்னுட்டு சத்தியம் வேறயா?" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. வேறு யாரும் என்னைக் கேட்டு வரவில்லை, நானும் தேடிப் போகவில்லை.

உறவில் எனக்கு ஒரு பெயர் விழுந்தது. கம்ப்யூட்டர்காரி. ஒவ்வொரு திதிக்கும் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, அதே வசனத்தை ஆரம்பிப்பார்: "அன்னிக்கு மட்டும் அந்தப் போன் கிடைச்சிருந்தா, பிள்ளைங்க முகத்தைப் பார்த்துட்டாவது போயிருப்பா." எல்லாருடைய கண்ணும் என் மேல் திரும்பும். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். முப்பது வருஷத்துக்கு மேலாக இதே கூத்து.

வேலை போன பிறகு, போன வருஷம்தான் அந்தப் பெட்டியை இறக்கினேன். ஃபேக்டரியில் பழுதான சர்க்யூட் போர்டுகளைப் பற்றவைத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். வீங்கிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன், மெஷின் எழுந்துகொண்டது. பழைய டெலிபோன் கம்பியை எங்கள் பிளாட்டில் எப்போதோ வெட்டிவிட்டார்கள். வைஃபையில் பேசிக்கொண்டு, மெஷினிடம் மட்டும் தன்னை மோடம் என்று காட்டிக்கொள்கிற ஒரு சின்னப் பெட்டி கிடைத்தது. அதை மாட்டி போர்டைத் திறந்தேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ பழைய மெஷின் பைத்தியங்கள் வருகிறார்கள். வணக்கம் வைத்துவிட்டு, ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறார்கள். உள்ளூரிலிருந்து ஒரு ஈ காக்கை கிடையாது. ஆனாலும் பட்டர்வொர்த்காரரின் பெயரை உறுப்பினர் பட்டியலில் மறுபடி சேர்த்து வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு டிஸ்க்கை மட்டும் நான் தொடவில்லை. அம்மா போன அன்று டிரைவில் இருந்தது. அண்ணனிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னபோதுகூட அதை நான் போட்டுப் பார்த்திருக்கவில்லை. வெட்டிடு என்று அவர் சொன்னாரே, அந்தச் சொல்தான் என்னை உட்கார விடாமல் அடித்தது. காப்பியைக்கூடக் குடிக்காமல் போய் டிஸ்க்கை உள்ளே தள்ளினேன். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று மெஷின் வரிவரியாக எழுதி வைத்திருக்கும். கடைசி வரியில் அந்த நாளின் தேதி. உள்ளே வந்தது 2.41. வெளியே போனது 4.33. செய்தது, கப்பல் விளையாட்டு. வந்தது வெளி லைனிலிருந்து. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது போர்டு நடத்துகிறவரின் அடையாளம்.

அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். நாற்பத்தைந்து நிமிஷச் சட்டம் நான் போட்டது. அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாத ஒரே அடையாளம் அதுதான். பட்டர்வொர்த்காரர் நினைத்தாலும் மூன்று மணியிலிருந்து நாலரை வரை லைனைப் பிடித்திருக்க முடியாது. நர்ஸ் சொன்ன நிமிஷமே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஒரு அப்பாவியைக் கொலைகாரன் என்றேனே. என் வாயை என்ன செய்தால் தகும்?

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அந்த நாள் டிஸ்க்கைப் பார்த்தேன்," என்று மட்டும் சொன்னேன்.

"அந்த மெஷினுக்குள்ள கடிகாரமே கிடையாது. அது காட்டுற நேரமெல்லாம் தப்பு," என்றார். நேரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"அன்னிக்குக் காலையில ரேடியோ செய்தி கேட்டு நான்தான் டைம் போட்டேன், அண்ணே."

"நீ ஏன் அதை அணைக்காமப் படுத்தே?"

"அது என் தப்பு. அதை நான் சுமந்துட்டேன். உங்க தப்பு எங்கே?"

"ஆபீஸ்ல அன்னிக்கு வேலை இல்ல. சும்மா உட்கார்ந்திருந்தா அம்மா நினைப்பாவே இருந்துச்சு, கொஞ்ச நேரம்னுதான் ஆரம்பிச்சேன்." குரல் இறங்கியது. "நர்ஸ் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துக்கிட்டிருந்த நேரம். அத்தனை பேர் முன்னால என்னன்னு சொல்றது? நீ எப்படியும் தாங்கிக்குவேன்னு நினைச்சேன்."

எப்படியும் தாங்கிக்குவேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! நான் தாங்கினேனா இல்லையா என்று ஒரு நாள் வந்து பார்த்தாரா? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கடைசியில், "பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்லா," என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் திதி வந்தது. டிவியில் அந்த வரி தெரியும்படி படம் எடுத்து, கடையில் பெரிதாக அச்சடித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளியே எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது இல்லை, அம்மன் மேல் ஆணை. அவர் வாயாலேயே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்றுதான் தீவிலிருந்து இரண்டாவது கடல் பாலம் தாண்டிப் போனேன்.

படையல் எடுத்தோம். இலை போட்டார்கள். அண்ணி, அண்ணனின் பிள்ளைகள், மருமகள், சொந்தங்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகு சின்னம்மா பெருமூச்சு விட்டார். "அன்னிக்கு மட்டும் அந்தப் போன் கிடைச்சிருந்தா..."

நான் இலையைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இதோ சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"விடுங்க சின்னம்மா. பழசு எதுக்கு?" என்றார், ரசத்தைக் கலந்துகொண்டே. "அவளை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

கையைக் கழுவிவிட்டு வந்தேன். தாளைப் பிரித்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "சின்னம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த நாள் மத்தியானம் போனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது யாருன்னு இதுல இருக்கு. நீங்களே படிச்சுச் சொல்லுங்க, அண்ணே."

எல்லார் கையும் இலையில் அப்படியே நின்றது. அவர் தாளைத் தொடவில்லை. "கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதுலா," என்றார்.

அண்ணி எழுந்து உள்ளே போய், அவருடைய கண்ணாடியை எடுத்து வந்து கொடுத்தார்.