கோசுக்குக் காவல் நின்ற கடுகு

ஜோவிதா அக்கா மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் புலம்புகிறவரைக் கொண்டுபோய் ஒரு பொறுமைசாலி பக்கத்தில் படுக்க வைப்பார். வீட்டுக் கொல்லையிலும் அதே புத்திதான்: தக்காளி பக்கத்தில் செண்டுப்பூ, கேரட் பக்கத்தில் வெங்காயம். அடுத்த வீட்டுக்காரி நான். மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவரைக் கிண்டல் பண்ணுவதே எனக்குப் பொழுதுபோக்கு.

ஆனால் கோசு மட்டும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இரண்டு வருஷமாகப் புழுதான் தின்றது. கணவர் டேவிஸ் அண்ணாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தத் தடவையும் புழு வந்தா, கொல்லை பூரா சிமெண்ட் போட்டு காரை நிறுத்திடுவேன் ஜோவி. அப்புறம் அழக் கூடாது."

சொன்னால் செய்கிற மனுஷர். கொத்தனார் வந்து அளந்துகூடப் போய்விட்டார். அந்த மண் போனால் அக்காவுக்குப் பாதி உயிர் போன மாதிரி.

இந்த முறை கோசு நாற்று நடுவதற்கு முன்பே, பாத்தியின் இரண்டு ஓரத்திலும் கடுகு விதைத்தார்.

"என்னக்கா, தாளிக்கவா?"

"புழுவுக்குக் கோசைவிடக் கடுகு இலைதான் இஷ்டமாம். பாக்கலாம், சும்னே இரு நீ," என்று கன்னடம் கலந்து என் வாயை அடக்கினார். குரலில் தெம்பே இல்லை.

கோசு உருண்டு வரும் சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேவிஸ் அண்ணா போட்ட சத்தத்தில் ஓடினேன். கடுகு முழுக்கப் புழு. இலை இருந்த இடத்தில் வெறும் நரம்பு.

"பாத்தியா! நாளைக்கே வேலைய ஆரம்பிக்கச் சொல்றேன்," என்று ஒரு செடியைப் பிடுங்கப் போனார்.

"ஐயோ, கை வெக்காதீங்க! அது நின்னாத்தான் புழு அங்கயே நிக்கும். மொதல்ல கோசப் பாருங்க!" என்று அக்கா ஓடிவந்து தடுத்தார்.

அண்ணா குனிந்து ஒரு கோசின் இலையைப் புரட்டினார். ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. நானும் உள்ளே போய் மண்டியிட்டேன். ஒரு சாண் தள்ளி அத்தனை கூட்டம் மேய்கிறது. கோசில் ஊசி குத்தின ஓட்டைகூடக் கிடையாது! எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. அம்மாடி, எதை விட்டு எதைத் தின்னவேண்டும் என்று யார் சொன்னார்கள் இதுகளுக்கு?

அண்ணா போனை எடுத்தார். "பேடப்பா, வேணாம்ப்பா. நாளைக்கு வராதே. சிமெண்ட் வேலை இல்ல," என்றார் கொத்தனாரிடம். பிறகு கந்தலாய் நின்ற கடுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பொழைக்குமா ஜோவி?"

"பொழைக்காதுங்க," என்றார் அக்கா மெல்ல. "ஆனா இருக்கிற வரைக்கும் நல்லா பாத்துக்கணும்."

அண்ணா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, முதலில் கடுகுக்கு ஊற்றினார்.