கடையில் என் பேச்சு

செங்கம் சாலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு எதிரே ஒரு காய்கறிக் கடை. கல்யாணமாகி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு வந்த புதிதில், அங்கே போய் அரை கிலோ வழுதலங்காய் கேட்டேன். கடைக்காரர் விழித்தார். கையால் காட்டியதும், "ஓ, கத்திரிக்காயா? நீங்க மலையாளமாம்மா?" என்று சிரித்தார். நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. நான் வாயைத் திறந்தாலே போதும், கடைக்காரர் என் ராகத்தை இழுத்துப் பேசிக் காட்டுவார். கத்திரிக்காய் என்றே சொல்லிப் பார்த்தேன். சொன்ன விதத்துக்குச் சிரித்தார். கணவரிடம் சொன்னால், விளையாட்டுக்குச் செய்கிறார், விடு என்பார்.

அதே கடைக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வருவார். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். "அண்ணா, தகாளி நல்லா இருக்கு?" என்று அவர் கேட்டதும் கடைக்காரருக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். நம்ம தமிழை எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். என்னிடமும் சொன்னார். அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசத் தெரியாத நான் மலையாளம்!

போன மாதம் கடை வாசலில் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ பேசாதம்மா. எல்லாரும் சிரிக்கிறாங்க. நானே வாங்கினு வரேன்."

அவள் பேச்சு இந்த ஊர்ப் பேச்சு. எனக்குக் கோபம் பொங்கியது. அவள் மேல் அல்ல. நேராக உள்ளே போய் வழுதலங்காய் கேட்டேன். கடைக்காரர் வழக்கம்போல இழுத்துச் சொல்லிக் காட்டினார்.

"அண்ணே, அவங்க தப்பாப் பேசினா அழகு. நான் எங்க ஊருல பேசுத மாதிரிப் பேசினா சிரிப்பா? எம் பிள்ள எங்கூடக் கடைக்கு வர வெக்கப்படுதா."

"தமாஷுக்குத்தானம்மா சொன்னேன். கோச்சிக்காதீங்க."

எனக்கு ஒரு நாளும் அது தமாஷாக இருந்ததில்லை என்றேன்.

இப்போது அவர் சிரிப்பதில்லை. என்னிடம் பேசுவதும் இல்லை. நிறுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தெருவில் எல்லோரும் பார்க்கும் கடையில் இப்படிப் பேசலாமா என்று கணவர் கேட்டார். நீங்கள் முதலிலேயே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பேசியிருக்கவே வேண்டாமே என்றேன்.

மகள் இன்றும் கூட வருகிறாள். நான் வாங்கி முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கிறாள்.