வேனில் ஏறாத போத்தல்

தர்மிளாவுக்கு முன்பு எப்படிப்பட்ட குரல் இருந்தது என்று தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலை உச்சியில் நின்று கூப்பிட்டால் அடிவார லயத்து வரிசை வீடுகளில் அடுப்பூதிக்கொண்டிருப்பவர்கள் தலையை நிமிர்த்துவார்களாம். மாரியம்மன் திருவிழாவில் அவள் பாட நின்றால் மைக்கைத் தள்ளி வைத்துவிடுவார்களாம். இப்போது அவள் பேசினால் காய்ந்த இலையை யாரோ மிதித்து நடப்பதுபோல் இருக்கும். பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும்.

அந்தக் குரல் போனது ஒரு தீபாவளிக்கு முந்தைய நாளில். வழக்கம்போல் வீட்டைக் கழுவினாள். காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையைக் கழுவி முடித்துப் பின்னாலிருந்த கக்கூஸுக்கு வந்தாள். வெளியே சாரல் அடித்ததால் கதவைச் சாத்திக்கொண்டாள். கையில், கழுவும் சாமான்களை லயம் லயமாகக் கொண்டுவந்து விற்கும் புவனேந்திரன் முதலாளியின் வேனில் வாங்கிய இரண்டு போத்தல்கள். ஒன்றில் எசிட், மற்றதில் குளோரீன். இரண்டுமே ஒரு காலத்தில் சோடா இருந்த போத்தல்கள்தான். ஒன்றிலும் பெயர் இல்லை, எச்சரிக்கை இல்லை. "ரெண்டையும் சேத்து ஊத்தித் தேயுங்க தங்கச்சி. கர்ப்பக்கிரகம் மாதிரி வெளுத்துரும்" என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். சொன்னபடியே ஊற்றினாள். மஞ்சளாய் ஒரு புகை எழும்பியது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கதவைத் திறக்கக் கை தேடியதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கண் விழித்தது பதுளை ஆஸ்பத்திரியில்.

உயிர் தப்பியது. குரல் தப்பவில்லை. நெஞ்சும் பழையபடி ஆகவில்லை. கூடையை முதுகில் போட்டு மேட்டில் ஏறினால் பாதியில் மூச்சு நின்று கண் இருட்டியது. கொழுந்து பறிக்க மலைக்கு இனிப் போக முடியாது என்றானது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கணவன் சதீசன், "உசுரோட வந்தியே, அது போதும்" என்றான். அவளுக்குப் போதவில்லை.

கொஞ்சம் நடமாட முடிந்ததும் பதுளைக்குப் பஸ் ஏறி, கடைவீதியில் இருந்த புவனேந்திரனின் கடைக்குப் போனாள். சண்டை போடும் எண்ணம்கூட அவளுக்கு இல்லை. இதை இனி யாருக்கும் விற்காதீர்கள் என்று சொல்லத்தான் போனாள். கடையில் ஆள் நிறைந்திருந்தது. அவள் பேச வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

"என்ன புள்ள, எசிட்டக் குடிச்சிட்டியா?" என்றார் அவர். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நீங்க சொன்ன மாதிரிதான் ஊத்துனேன் முதலாளி" என்று மூச்சுக் குரலில் சொன்னாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. அது என் போத்தல்தான்னு எதுல எழுதியிருக்கு? தோட்டத்து ஆளுங்களுக்கு எதையும் ஒழுங்காப் பாவிக்கத் தெரியாது. அப்புறம் வந்து யாவாரிய குத்தம் சொல்றது."

எதிலும் எழுதியிருக்கவில்லை. அதுதான் அவருக்குப் பலம். சுகாதாரப் பரிசோதகரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார், வருத்தப்பட்டார். பெயரில்லாத போத்தலை வைத்து யார்மேல் வழக்குப் போடுவது என்று கையை விரித்தார்.

அன்றிலிருந்து தர்மிளாவுக்கு வேறு நினைப்பு இல்லை. சோறு வடிக்கும்போதும், மகளுக்குத் தலை பின்னும்போதும், அந்தக் கடையில் எழுந்த சிரிப்புத்தான் காதில் விழுந்தது. ஒரு நாள் மிச்சமிருந்த எசிட் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு பதுளைக்குப் போனாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய வேன் நின்றது. கூரையில் ஸ்பீக்கர். பக்கத்தில் யாரும் இல்லை. எஞ்சினில் ஊற்றலாம், இருக்கையில் ஊற்றலாம். மூடியில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு கையை எடுத்தாள். பாவம் பார்த்து அல்ல. வேன் பாழானால் ஊரே அவருக்காக இரக்கப்படும், காப்புறுதிக்காரன் புது வேன் கொடுப்பான், இவள் சிறைக்குப் போவாள். ஒரு நாளில் முடிந்துவிடும் தண்டனை அவளுக்குப் போதாது. வேன் வர வேண்டும், ஸ்பீக்கர் கத்த வேண்டும், ஒரு கதவும் திறக்கக் கூடாது. அவர் அதைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

எப்படி என்பது அப்போது தெரியாது. வழி கிளினிக்கில் கிடைத்தது. "கடுமையான வாசம் வர்ற எதையும் வீட்டுல வச்சிராதீங்க. குளோரீன், எசிட், ஃபினைல், கொசுச்சுருள், எதுவும் வேணாம்" என்றார் டாக்டர். அப்படியானால் தரையை எதால் துடைப்பது, சட்டியை எதால் கழுவுவது? பஸ் நிலையத்துக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருந்த நளீராவிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள். நளீராவின் கையும் பாத்திரம் கழுவும் திரவத்தால் தோலுரிந்து கிடந்தது. கடையின் மூலையில் பிபிலையிலிருந்து வந்த தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோல் மலையாய்க் குவிந்திருந்தது. "இத வினாகிரில ஊற வச்சா எண்ணெப் பிசுக்குப் போவும்னு எங்க மாமி சொல்லுவாங்க. நாந்தான் செஞ்சி பாக்கல்ல" என்றாள் நளீரா. தர்மிளா ஒரு மூட்டைத் தோலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

முதலில் ஊற வைத்தது பூசணம் பிடித்து நாறியது. சதீசன் மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தான். தோல் முழுவதும் வினாகிரிக்குள் முங்கியிருக்க வேண்டும் என்று அதன்பிறகுதான் புரிந்தது. மஹியங்கனைப் பக்கத்திலிருந்து வந்த பூந்திக்கொட்டையை வேக வைத்துப் பிசைந்தாள். நுரை வந்தது, சட்டி பளபளத்தது, கை எரியவில்லை. மண்ணெண்ணெய்க் கறைக்குச் சாம்பலும் தேசிக்காய்ப் புளிப்பும். கக்கூஸுக்கு அப்பச்சோடாவைத் தூவி ஊற வைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கர்ப்பக்கிரகம் மாதிரி வெளுக்காது. ஆனால் சுத்தமாகும். கதவைச் சாத்திக்கொண்டு கழுவினாலும் ஒன்றும் ஆகாது. மகளின் இரவு இருமல்கூட மெல்ல நின்றது.

நல்ல மனுஷி என்றால் அதோடு நின்றிருப்பாள். தர்மிளா அங்கேதான் தொடங்கினாள்.

புவனேந்திரனின் வேன் எந்த நாளில் எந்த லயத்துக்கு வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். அதற்கு முந்தின நாள் அந்த லயத்தில் அவள் நிற்பாள். அவரிடம் அதிகம் வாங்கும் வீடாகப் பார்த்து முதலில் தட்டுவாள். முதல் போத்தல் சும்மா கொடுப்பாள். போவதற்கு முன் வேண்டுமென்றே மூச்சுக்கு இழுக்கும் மருந்தை எடுக்க மாட்டாள். குரல் இன்னும் கரகரக்கட்டும், கேட்பவளுக்கு உள்ளே சில்லென்று ஆகட்டும் என்றுதான். "எப்பிடித் தங்கச்சி இப்பிடி ஆச்சு?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. கேட்டதும் சொல்வாள். அதற்கு மேல் எதையும் விற்கத் தேவையில்லை. ஒரு தடவை இந்த விளையாட்டில் மூச்சடைத்து ஒரு வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் விழுந்தே போனாள். சதீசன் கோபத்தில் போத்தல்களைத் தூக்கி எறியப் போனான். "நீ வீட்டச் சுத்தம் பண்றியா, இல்ல அந்தாளச் சுத்தம் பண்றியா?" என்று கேட்டான். "ரெண்டுந்தான்" என்றாள் அவள்.

இன்னொன்றையும் எல்லா வீட்டிலும் சொல்வாள். "இத அவர் குளோரீனோட சேத்திராதீங்க. வினாகிரி பட்டாலும் அதே புகைதான் கெளம்பும்னு டாக்டர் சொன்னாரு. அவர் போத்தல் வீட்டுல இருந்தா முதல்ல அத வெளியில வைங்க." உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு தனி ருசி இருந்தது.

வேனின் விற்பனை விழுந்தது. புவனேந்திரன் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாளில் வேனில் பச்சை நிறப் போத்தல்கள் வந்தன. மேலே ஓர் இலைப்படம். ஸ்பீக்கர் கத்தியது: "இயற்கை மூலிகை! மருந்து கலக்காதது! பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு!" விலையும் குறைவு. தர்மிளாவிடம் வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். ஒரு போத்தலை வாங்கி மூடியைத் திறந்ததுமே அவளுக்கு இருமல் பிடுங்கியது. பழைய ஃபினைலில் பச்சைச் சாயம். அவள் அழவில்லை. அவர் தானாகவே கைக்குள் வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

அடுத்த முறை அவர் தங்கள் லயத்துக்கு வந்தபோது, வேனுக்கு முன்னால் ஒரு வாளியில் தன் பூந்திக்கொட்டைத் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றாள். முழங்கை வரை கையை விட்டாள்.

"முதலாளி, இது என் சாமான். என் கை இதுக்குள்ள இருக்கு. நீங்களும் உங்க இயற்கைக்குள்ள கைய விடுங்க. நீங்க எடுக்கிற வரைக்கும் நானும் எடுக்க மாட்டேன்."

அவர் ஸ்பீக்கரைக் கூட்டினார். அவள் குரல் அமுங்கிப் போயிற்று. ஆனால் பெண்கள் நெருங்கி வந்து அவள் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். அவளோடு நெடுங்காலம் கொழுந்து பறித்த யோகம்மா ஒரு பச்சைப் போத்தலை அலுமினியச் சட்டியில் கவிழ்த்து அவர் முன்னால் நீட்டினாள்.

"விடுங்க முதலாளி. புள்ளைகளுக்கே பாதுகாப்புன்னா உங்களுக்கு என்ன?"

"நான் யாவாரம் பண்ண வந்தவன். கண்டதுல கைய விடுறதுக்கு நான் என்ன வேலைக்காரனா?"

யோகம்மா ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டுக் கேட்டாள்: "அப்ப எங்க கை மட்டும் முங்கலாமோ?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி வீட்டுக்குள் போய்த் தன்னிடமிருந்த போத்தலைக் கொண்டுவந்தாள். அடுத்தவளும் போனாள். வடிகாலில் ஊற்றப் போனவளைத் தர்மிளா தடுத்தாள். "கீழ ஓடைத் தண்ணி நம்மதான் குடிக்கிறோம். அவருது, அவரே கொண்டு போகட்டும்." பச்சை, ரோஸ், மஞ்சள் என்று பாதி தீர்ந்த போத்தல்களெல்லாம் வேனுக்குள் போயின. முன் இருக்கையிலும் அடுக்கினார்கள்.

அடுக்கும்போது எசிட் போத்தல் ஒன்றும் குளோரீன் போத்தல் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. இரண்டின் மூடிகளும் தளர்ந்திருந்தன. தர்மிளா மட்டும்தான் அதைப் பார்த்தாள். மழை இறங்கிக்கொண்டிருந்தது, அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் போவார். தெமோதரை வளைவுகளில் வேன் ஆடும். அப்படியே விட்டுவிடலாம். ஆசைப்பட்டாள், அதை அவளே பிறகு நளீராவிடம் ஒளிக்காமல் சொன்னாள். கடைசியில் இரண்டு மூடியையும் இறுக்கி, ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்தாள். புவனேந்திரன் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எதை இறுக்கினாள் என்று அவருக்குத் தெரியும். அவர் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

கதை தோட்டம் தோட்டமாகப் பரவியது. வேன் அந்தப் பக்கம் வருவதே நின்றது. பதுளைக் கடையில் பாதியை வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டதாக நளீரா சொன்னாள். தர்மிளாவின் போத்தல்களுக்கு இப்போது பெயர் ஒட்டப்பட்டிருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. ஓர் அமைப்பு பண்டாரவளையில் கூட்டம் வைத்து அவளுக்குச் சால்வை போர்த்தியது. இயற்கையை நேசிக்கும் தாய் என்றார்கள். இந்த எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். "ஒருத்தர் கடைய மூட வைக்கணும்னு வந்துச்சு" என்றாள். சபை கைதட்டிச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் புவனேந்திரனே லயத்துக்கு வந்தார். வேனைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். சதீசன் நாற்காலி போட்டு, டீ கொடுத்தான்.

"தங்கச்சி, ஹல்துமுல்லை, அப்புத்தளைப் பக்கமெல்லாம் எனக்கு ஆள் இருக்கு. உன் சாமான என் வேன்ல ஏத்துவோம். ரெண்டு பேருக்கும் நல்லது. பழசெல்லாம் இனி எதுக்கு?"

சதீசன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். மேடேற முடியாதவள் எத்தனை நாள் பையைச் சுமப்பாள் என்ற கவலை அவனுக்கு.

தர்மிளா கேட்டாள்: "வேன்ல ஸ்பீக்கர் வேல செய்யுதா முதலாளி?"

"செய்யுது."

"அதுல ஒரு தடவ சொல்லுங்க. அந்த ரெண்டு போத்தலும் என்னுதுதான், சேத்து ஊத்தச் சொன்னதும் நாந்தான்னு. பதுளைக் கடைவீதில சொல்லுங்க, உங்க கடைக்கு முன்னால. நாளைக்கே சாமான் தாரேன்."

அவர் தரையைப் பார்த்தார். "அது முடியாது. நாலு பேரு மத்தியில நான் இருக்கணும்ல."

"நானும் நாலு பேரு மத்தியிலதான் நின்னேன்."

அவர் எழுந்து போனார். டீ ஆறிக்கிடந்தது. விஷயம் கேள்விப்பட்ட நளீராவுக்குக் கோபம். "என்ன தர்மிளா இது? அந்தாளு சொன்ன ஊர்கள்ல உள்ள பொம்புளைகளும் அதே எசிட்டத்தானே ஊத்துறாங்க? உங்க கோவத்துக்கு அவங்க புகை குடிக்கணுமா?"

நளீரா சொன்னது நியாயம் என்று தர்மிளாவுக்குத் தெரிந்தது. அவரை மன்னிக்க முடியாது என்பதும் தெரிந்தது.

அடுத்த வாரம் விடியற்காலையில் மூச்சு மருந்தை ஒழுங்காக இழுத்துக்கொண்டு, போத்தல் நிறைந்த இரண்டு பைகளோடு ஹல்துமுல்லைக்குப் பஸ் ஏறினாள். மேட்டு லயங்களுக்கு நின்று நின்று ஏறினாள். முதல் வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்து, அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து, உட்காரச் சொன்னாள்.

"தண்ணி குடிங்க அக்கா. இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கீங்களே, வேன்ல குடுத்து விட்டிருக்கலாமே?"

"குடுத்து விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தர்மிளா தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.