யோகம்மா அக்காவின் வயலில் எனக்கு முன்னால் இறங்கியவர்

பேய், பிசாசு, கழிப்புக் கழிக்கிறது, இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் பிடிப்பு இருந்ததில்லை. பத்தொன்பது வருஷமாக விவசாயப் போதனாசிரியர் வேலை. பயிர் வாடினால் பூச்சி, நோய், உரம், தண்ணீர் என்று நாலு காரணத்துக்குள் முடித்துவிடுவேன், ஐந்தாவதைத் தேடிப் போன ஆளில்லை. இதை நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, நானே இன்னும் பாதிதான் நம்புகிறேன்.

வவுணதீவுப் பக்கம் ஒரு வட்டையில் யோகம்மா அக்காவுக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. புருஷன் இல்லை, மூன்று பெண்பிள்ளைகள், வருஷச் சோறு முழுக்க அந்தப் பெரும்போக நெல் வேளாண்மையில்தான். பயிர் மஞ்சளாகிறது என்று இரண்டு நாளாகப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை மோட்டார் சைக்கிளில் போய் வரம்பில் நின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் நான் வரம்போடு நிற்கிற உத்தியோகத்தன். சப்பாத்தில் சேறு படாமல் தூர நின்றே நோய் சொல்லிவிடுவேன், அதில் ஒரு பெருமையும் இருந்தது. மஞ்சள் திட்டைக் கண்டதும், "யூரியா காணாது அக்கா, நாளைக்கே எறியுங்க" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நேத்து வேற மாதிரியெல்லோ சேர் சொன்னீங்க. யூரியா கிள்ளியும் போட வேணாம், தண்ணிய வடிய விடுங்க எண்டீங்க. நானும் உடனே வரம்ப வெட்டி விட்டுட்டன்."

"நேத்து நான் இஞ்சால வரல்லயே அக்கா."

"என்ன சேர் பகிடியா? சப்பாத்தக் கழட்டி இதிலதான் வெச்சீங்க. இறங்கி நடுவுக்குப் போய்க் குனிஞ்சு பயிருட அடியப் பாத்தீங்க. அங்க நிண்டேதான் சொன்னீங்க. நான் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டு மறுகா வந்து பாக்க உங்களக் காணல்ல, சப்பாத்தயும் காணல்ல."

முந்தின நாள் முழுக்க நான் டவுனில் மாதாந்தக் கூட்டத்தில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தூங்கி விழுந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. வேறு யாராவது வந்திருப்பார்கள் என்றால், எங்கள் கந்தோர் ஆட்கள் எல்லோரும் அதே கூட்டத்தில்தான். அதோடு அக்காவுக்கு என்னை ஆறு வருஷமாகத் தெரியும், ஆள்மாறாட்டம் வர வழியில்லை.

சரி, பார்த்துவிடுவோம் என்று சப்பாத்தைக் கழற்றி இறங்கினேன். மஞ்சள் திட்டில் குனிந்து பயிரை விலக்கினால், அடித்தண்டில் அறக்கொட்டி மொய்த்துக் கிடக்கிறது. சாற்றை உறிஞ்சி, கொஞ்ச நாளில் வயலை நெருப்பு வைத்த மாதிரி ஆக்கிவிடும் பூச்சி. யூரியா எறிவது அதற்கு விருந்து வைக்கிற வேலை. தண்ணீரை வடியவிடுவதுதான் சரியான முதல் வைத்தியம், நான் இறங்கிப் பார்த்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூன்று பிள்ளைகள் வாயில் மண் போடப் பார்த்தேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நிமிரும்போதுதான் தடத்தைக் கண்டேன். தண்ணீர் வடிந்த சேற்றில், வரம்பிலிருந்து நான் குனிந்த இடம் வரைக்கும் வெறுங்கால் தடம், என்னுடையதற்கு ஒரு முழம் தள்ளி. அதில் என் காலை வைத்துப் பார்த்தேன், பிசகாமல் பொருந்தியது. பயத்தைவிட, இந்த ஆள் எந்தப் பக்கத்தால் வெளியே போனார் என்கிற யோசனைதான் எனக்கு வந்தது. நாலு வரம்பையும் பார்த்தேன், குனிந்து குனிந்து தேடினேன். உள்ளே வந்த தடம் மட்டும்தான் இருந்தது.

அக்காவின் வேளாண்மை தப்பியது. அன்றிலிருந்து எந்த வயலிலும் இறங்கிப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை. "முந்தி நீங்க இப்பிடிச் சேறு பூசிக்கொண்டு வாற ஆளில்ல, ஆளே மாறிட்டீங்க" என்று மனைவி பகிடி பண்ணுவாள், நானும் சிரித்துவிட்டுப் போவேன். ஆனால் அந்த வயலுக்குள் இறங்கிய தடம் இரண்டு பேருடையது. வரம்பில் ஏறியது ஒருவன்தான்.