இரண்டாவது கியருக்கு ஏற்ற எண்ணெய்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வேறு ஸ்கூலுக்குப் போனவர்கள். இருபத்தெட்டு வருடமாக இதே பிழைப்பு. வயது ஐம்பத்தெட்டு. கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறேன், பல் ஒன்றுகூட ஆடவில்லை என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். அவர் சொல்லாமல் விட்ட உறுப்புகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அவரிடம் சொந்தமாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட், கையால் கியர் போடும் வண்டி, முப்பத்துமூன்று வருடப் பழசு. அதில் ஏறுவதற்குக் குனிய வேண்டும், இறங்குவதற்குக் கடவுளைக் கூப்பிட வேண்டும். அதன்மேல் மாஸ்டருக்கு உயிர். தனக்கென்று ஆசைப்பட்டு அவர் வாங்கிய ஒரே பொருள் அதுதான். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கார் வந்த அன்றே அவர் ஒரு நிபந்தனை போட்டார்: என்ஜினையோ கியர்பாக்ஸையோ பிரிக்கிற நிலை வந்தால் விற்றுவிட வேண்டும். அப்போதிருந்த குஷியில் மாஸ்டரும் தலையாட்டிவிட்டார்.

போன வருடக் கடைசியில் இரண்டாவது கியர் கடிக்க ஆரம்பித்தது. அதுவும் காலையில் மட்டும். வண்டியைக் கிளப்பி இரண்டாவதுக்குத் தள்ளினால் 'கர்ர்' என்று தெருவுக்கே கேட்கும். பத்து நிமிடம் ஓடிவிட்டால் பரம சாது. சத்தம் கேட்டு மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவருடைய தம்பி ஒரு படி மேலே போய், வாங்குவதற்கு ஆளே பார்த்து வைத்துவிட்டார். கியர்பாக்ஸ் போச்சு என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், கார் கைமாறிவிடும். ஆகவே கியர்பாக்ஸில் ஒன்றுமில்லை, எண்ணெய்தான் சரியில்லை என்று மாஸ்டர் தாமாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அப்புறம் அந்த வீட்டில் சாப்பிடும்போதுகூட எண்ணெய்ப் பேச்சுதான். பழைய கியர்பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. கியர் விழுவதற்கு முன்னால் அவை லேசாக உரசிப் பிடித்து வேகத்தைச் சமன்செய்யும். ஜிஎல் ஐந்து என்று போட்டிருக்கும் எண்ணெய்க்கு வழுக்கல் ஜாஸ்தி, வளையத்துக்குப் பிடி கிடைக்காது, அதிலிருக்கும் கந்தகம் பித்தளையை அரித்தாலும் அரிக்கும்; ஜிஎல் நாலுதான் வேண்டும். மனைவிக்கு இதெல்லாம் மனப்பாடமே ஆகிவிட்டது. படித்ததில் மாஸ்டர் ஒரு தப்பும் செய்யவில்லை, பாவம்.

முதலில் கெட்டியான நாலு. கடித்தது. குளிரில் கெட்டி எண்ணெய் சீக்கிரம் இளகாது என்று அடுத்து மெல்லிய நாலு. அதுவும் கடித்தது. மூன்றாவது, மூன்று வாரம் காத்திருந்து கப்பலில் வந்த உசத்திச் சரக்கு. ஒவ்வொரு தடவையும் அட்டையை விரித்துக் காருக்கடியில் படுத்து, பழசை வடித்துப் புதுசை ஏற்றினார். வேலை முடிந்து எழுந்திருப்பதற்குத்தான் அதைவிட நேரமானது. பம்பரைப் பிடித்துக்கொண்டு வலது காலாலேயே எம்பி எழுகிறவரைப் பார்த்து, இடது கால் என்ன பாவம் செய்தது என்று மனைவி கேட்டார். தரை வழுக்குகிறது என்றார் மாஸ்டர்.

உசத்திச் சரக்கும் கடித்தபோது வேறு வழியில்லாமல், கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் மெக்கானிக்கிடம் ராத்திரியே காரை விட்டுவிட்டு வந்தார். காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது மெக்கானிக் ஓட்டினார். மாஸ்டர் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு தெரு சுற்றியும் ஒரு சத்தமில்லை. பிறகு மாஸ்டர் ஓட்டினார். முதல் திருப்பத்திலேயே கர்ர்.

மெக்கானிக் கியரைப் பார்க்கவில்லை, குனிந்து கீழே பார்த்தார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. க்ளட்ச் தரை வரைக்கும் போகல. ரெண்டு விரல் மிச்சம் நிக்குது."

"அட்ஜஸ்ட் பண்ணிடலாமா?"

"வண்டில பண்ண வேண்டியது ஒண்ணுமில்ல மாஸ்டர். உங்க காலுதான் பாதில நின்னுடுது."

ஸ்கூல் வண்டியில் அவர் உட்காருவது பக்கத்து சீட்டில். க்ளட்ச் மிதிப்பதெல்லாம் படிக்க வந்தவர்கள்தானே. தூங்கி எழுந்ததும் இறுகிக் கிடந்து, நடக்க நடக்க இளகுகிற அவருடைய இடது முழங்காலை இந்தச் சிவப்புக் கார் ஒன்றுதான் கண்டுபிடித்திருந்தது. மாஸ்டருக்கு அவமானம் தாங்கவில்லை. க்ளட்சை முழுசாக மிதி என்று அவர் எத்தனை பேரை அழவைத்திருக்கிறார். அடுத்த மாதம் லைசென்ஸைப் புதுப்பிக்க உடல் தகுதிச் சான்று வேறு வேண்டும். விஷயம் மனைவி காதுக்குப் போனால் மறுநாளே டாக்டர் முன்னால் நிறுத்திவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் என்ன சொன்னார் என்று மனைவி கேட்டார். எந்தக் காரைக் காப்பாற்ற நாலு மாதம் எண்ணெயில் குளித்தாரோ, அதே காரின் மேல் மாஸ்டர் பழியைப் போட்டார்.

"கியர்பாக்ஸ் போச்சாம். வித்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை வாங்குகிறவர் வந்தார். ஒரு பல் டாக்டர், வாலிபர், பழைய கார் பைத்தியம். கியர்பாக்ஸ் போன வண்டி என்று முன்பே சொல்லியிருந்ததால் மெதுவாகத்தான் எடுத்தார். மாஸ்டரும் மனைவியும் வாசலில் நின்றார்கள். தெருமுனை வரை போய்த் திரும்பி, ஒன்றுக்கு இரண்டு சுற்று சுற்றிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார் டாக்டர்.

"சார், ரெண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுது. இது ரிப்பேர்னு யாரு சொன்னது? என்ன ஆயில் போட்டீங்க?"

இப்படி ஒருவர் கேட்பதற்காகவே மாஸ்டர் நாலு மாதம் படித்திருந்தார். இப்போதோ, சுத்தமாக இருந்த கார்க் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தார், இடது முழங்காலைப் பார்த்தார், முப்பது வருடம் நோயாளிகளின் பொய்களைக் கேட்டுப் பழகிய குரலில் டாக்டரிடம் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. வண்டி விக்கறதுக்கில்ல." அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு மாஸ்டரிடம் திரும்பினார். "அந்தப் பக்கம் ஏறுங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்களத்தான் ஆஸ்பத்திரில காட்டணும்."

கார் வந்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மனைவி அதன் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. மாஸ்டர் தொட விட்டதுமில்லை. முதல் கியரில் கிளம்பி, க்ளட்சை நன்றாக மிதித்து இரண்டாவதுக்குத் தள்ளினார். சத்தமே இல்லை. கார் பிழைத்தது என்று மாஸ்டருக்குச் சந்தோஷம்தான். அதற்கு மேலே வயிற்றெரிச்சல்.